மீ போக்கா, லா மியானா?

எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடையில்தான் (பல உணவுக் கடைகள் சேர்ந்த இடம்) மூன்று வருடம் எங்கள் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு நடந்தது. மீ போக் என்னும் பட்டை நூடுல்ஸ், டிரை (சூப் தனியாக), சம்பல் என்னும் மிளகாய் விழுது தூக்கலாக. போன வருடம் சாலைக்கு எதிர்ப்பக்கம் லா மியான், அதாவது கையால் இழுத்துப் போடும் நூடுல்ஸ் விற்கும் கடை ஒன்று வந்தது; சீனாவின் லான்சோ நகரத்து வகை. இப்போது சனிக்கிழமை அங்கே போகிறோம். சிங்கப்பூரில் இந்த இரண்டு வகைக் கடையும் பல பேட்டைகளில் பக்கத்து பக்கத்தில் இருப்பதால், ஏன் மாறினோம் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

விலையில் போட்டியே இல்லை. மீ போக் அங்கிளிடம் ஒரு கிண்ணம் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதோடு சரி. எதிர்க்கடைப் பட்டியலில் 9 வெள்ளி என்று போட்டிருக்கும். 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் ஏறி 10 வெள்ளி 79 காசாக வந்து நிற்கும். குளிர்சாதனம் உண்டு, தட்டை எடுக்க ஆள் உண்டு. காப்பிக்கடையில் 2022 முதல் தட்டை நாமேதான் திருப்பி வைத்தாக வேண்டும். இறைச்சியைப் பொறுத்தவரை இங்கே பன்றி, அங்கே மாடு. இரண்டும் ஆகாதவர்கள் வேறு கடை பார்க்க வேண்டியதுதான். லான்சோ நூடுல்ஸ் சீனாவின் ஹுய் முஸ்லிம்கள் வளர்த்த பண்டம் என்பதற்காக சிங்கப்பூரில் எல்லா லான்சோ கடையும் ஹலால் என்று நினைத்துவிட வேண்டாம். சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ருசி என்றால் நம் நாக்குக்கு முதலில் பிடிப்பது மீ போக்தான். கறுப்பு வினிகரின் புளிப்பு, சம்பல் காரம், கொத்துக்கறி, ஈரல், மொறுமொறுவென்று பொரித்த பன்றிக்கொழுப்பு. 2016-ல் ஹில் ஸ்ட்ரீட் டாய் ஹுவா கடைக்கு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்ததும் இந்தப் பண்டத்துக்குத்தான். லான்சோ சூப்பில் முதல் வாய் சப்பென்று இருக்கும். அதற்கென்று ஐந்து நிறக் கணக்கு உண்டு: தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ். கணக்கெல்லாம் சரி, மேசையில் இருக்கும் மிளகாய் எண்ணெயை இன்னும் இரண்டு கரண்டி விட்டால்தான் எனக்கு உள்ளே இறங்குகிறது.

அப்படியிருந்தும் சாலையைக் கடந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. கிண்ணம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது.

என் மகளுக்கு ஆறு வயது. நூடுல்ஸை ஒவ்வொரு இழையாக எடுத்து, நுனியைக் கண்டுபிடித்து, உறிஞ்சி, அடுத்ததைத் தேடுவாள். அரை மணி நேரம் ஆகும். டிரை மீ போக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கிள் அதை வெந்நீரில் முக்கி, பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, மறுபடி வெந்நீரில் காட்டி எடுப்பது அந்த விறைப்புக்காகத்தான். மேசைக்கு வந்து ஐந்து நிமிடம் போனால் பட்டை இழைகள் மசாலாவைக் குடித்துவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் குச்சியால் தூக்கினால் மொத்தமும் ஒரு கட்டியாக எழுந்து வரும். கூடக் கொடுக்கும் சூப்பை ஒரு கரண்டி விட்டுக் கிளறலாம். பிரியும், ஆனால் வினிகரும் சம்பலும் நீர்த்துப் போகும். கடைசியில் அந்தக் கிண்ணம் என்னிடம்தான் வரும்.

சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ் இன்னும் சீக்கிரம் ஊறாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் தடவை நினைத்தபடியே ஊறியும் போயிற்று. பிள்ளைக்கு என்று 'மாவ் ஷி' கேட்டேன், மயிர்போல் மெல்லிய இழை. பாதிக் கிண்ணத்திலேயே சேமியாப் பாயசம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையது. இந்தக் கடைகளில் தடிமனை நாம்தான் சொல்ல வேண்டும். மாவ் ஷியிலிருந்து பெல்ட் மாதிரி அகலமான 'தா குவான்' வரை உண்டு. நடுவில் இருக்கும் 'அர் ஷி'தான் எங்கள் வீட்டுக்குச் சரி. ஓரளவு தடித்த உருண்டை இழை, அரை மணி நேரம் கழித்தும் கடித்தால் நடுவில் ஒரு திடம் இருக்கிறது. மீ போக் கடையில் இந்தத் தேர்வு இரண்டோடு முடிந்துவிடும்: பட்டையான மீ போக், இல்லையென்றால் மெல்லிய மீ கியா.

இழுப்பவர் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதும் மகளுக்குப் பெரிய விஷயம். மாவுக் கயிற்றை மடித்து இழுக்கும்போதெல்லாம் இழை இரட்டிப்பாகும். ரெண்டு, நாலு, எட்டு என்று அவளே எண்ணுவாள். ஏழாவது இழுப்பில் 128 என்று கத்திவிட்டுத்தான் உட்காருவாள்.

பார்சல் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு, லான்சோ கடையில் இரண்டு தடவைதான் கட்டி வாங்கியிருக்கிறேன். சூப்பைத் தனி டப்பாவில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் நூடுல்ஸ் டப்பாவின் வடிவத்திலேயே கேக் மாதிரி இறுகியிருந்தது. சூப்பைத் தளதளவென்று கொதிக்க வைத்து மேலே ஊற்றியதும் அர் ஷி பிரிந்து வந்தது. இன்னொரு டப்பாவில் என் மனைவி ஆசைப்பட்டு வாங்கிய தா குவான் கடைசிவரை பிரியவே இல்லை; கத்திரிக்கோலால் வெட்டிச் சாப்பிட்டாள்.