மலைக்கூடாரத்தில் காலை உணவு: அவலா, உப்புமாவா, நூடுல்ஸா?

கூடாரமிட்டுத் தங்கும் பயணத்துக்குக் காலை உணவைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் பார்ப்பது எவ்வளவு சீக்கிரம் சமைக்கலாம் என்பதைத்தான். நூடுல்ஸ், உப்புமா, ஆம்லெட் என எதை எடுத்துக்கொண்டாலும் அடுப்பில் இருக்கும் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் இடையில்தான் என்பதால், அந்த அளவுகோலில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவராது. சாப்பிட்ட பிறகு எதையெல்லாம் கழுவ வேண்டியிருக்கிறது, அதற்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, கழுவிய நீரை எங்கே கொட்டுவது என்று கேட்கத் தொடங்கினால்தான் இவற்றுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு புலப்படும். மன்னவனூர், பூம்பாறை போன்ற கொடைக்கானல் மேல்மலை ஊர்களிலும் நீலகிரியின் உயரமான பகுதிகளிலும், டிசம்பர், ஜனவரி மாத விடியற்காலையில் பாத்திரம் துலக்குவது சமையலைவிடப் பெரிய வேலை.

அந்த இடங்களின் நிபந்தனைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். காப்புக்காடுகளில் தீ மூட்டுவதை 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமே தடை செய்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்த பிறகு, மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டும் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. ஆகவே இங்கே ஒப்பிடப்படுவது, தனியார் தோட்டங்களில் உரிமையாளரின் அனுமதியோடு, சிறிய கேஸ் அடுப்பைக் கொண்டு செய்யும் சமையல் மட்டுமே. தண்ணீரும் தாராளமாகக் கிடைப்பதில்லை. நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், பெரிய கேன்களிலோ எவர்சில்வர் பாட்டில்களிலோ சுமந்துதான் போக வேண்டும். ஒரு லிட்டர் என்பது முதுகில் ஒரு கிலோ. பக்கத்தில் ஓடை இருந்தாலும் அதில் இறங்கிப் பாத்திரம் கழுவுவது முறையல்ல. நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிக் கழுவி, நீரை மண்ணில் பரவலாகத் தெளித்துவிட வேண்டும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் நெறி. மக்கும் தன்மையுடையது என்று அச்சிட்ட சோப்புக்கும் இதில் விலக்கு இல்லை.

பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு தொல்லை தருபவை மூன்றே: வெந்த மாவுப்பொருள், கொழுப்பு, முட்டைப் புரதம். மாவுப்பொருள் அடிப்பாகத்தின் நேரடிச் சூட்டில் பிடித்துக்கொள்கிறது, கொழுப்பு குளிர்ந்த நீரில் உறைகிறது, முட்டை சூடு பட்டவுடன் உலோகத்தோடு இறுகிவிடுகிறது. எனவே கழுவும் வேலையைக் குறைக்க விரும்புபவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அடுப்பேறும் பாத்திரத்தில் வெறும் தண்ணீர் மட்டும் கொதிக்க வேண்டும். உணவு எந்தக் கிண்ணத்தில் உண்ணப்படுகிறதோ அதிலேயே ஊறி வெந்துவிட வேண்டும். இதற்கு எந்த உணவு எவ்வளவு தூரம் ஒத்துவருகிறது என்பதை வைத்தே கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகும் பொடி இட்லியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டிய இட்லி, ரயில் பயணங்களில் தலைமுறைகளாக நம்மைக் காப்பாற்றி வந்திருக்கிறது. கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்ற வகையில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆனால் சமவெளி ரயிலுக்குப் பொருந்துவது மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. வெந்த அரிசி மாவு குளிர்ச்சியில், அதுவும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது போன்ற குளிரில்தான், மிக வேகமாக இறுகும். இரவு முழுவதும் கூடாரத்துக்குள் கிடந்த இட்லி காலையில் விண்டால் உதிரும், மென்றால் தொண்டையில் நிற்கும். அதைத் திரும்ப ஆவியில் வைக்கலாம் என்றால், தட்டும் பாத்திரமும் தேவைப்பட்டு, சுமையில்லாத உணவு என்ற அதன் ஒரே சிறப்பும் போய்விடுகிறது. அதிகாலையில் வீட்டிலிருந்து கிளம்பி வழியில் சாப்பிடும் முதல் வேளைக்கு இட்லி. கூடாரத்தில் விடியும் காலைக்கு வேறு.

நூடுல்ஸுக்கு இருக்கும் செல்வாக்கு அதன் தகுதியை விஞ்சியது என்பது என் கருத்து. இரண்டே நிமிடம் என்ற விளம்பர வாக்கு அடுப்பைப் பற்றியது, கழுவுவதைப் பற்றியது அல்ல. கடைகளில் கிடைக்கும் உடனடி நூடுல்ஸில் பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்து உலர்த்தப்பட்டவை. கொதிக்கும்போது அந்தக் கொழுப்பும் மசாலாவின் மஞ்சளும் மிளகாய் நிறமும் சேர்ந்து, நீர் மட்டம் இருந்த இடத்தில் பாத்திரத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையமாகப் படிகின்றன. சாப்பிட்டு முடித்து அதில் பச்சைத் தண்ணீர் பட்டதும் அந்த வளையம் மெழுகாகிவிடும். விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு பரவுமே தவிரப் போகாது. அதைப் போக்க மீண்டும் தண்ணீர் காய்ச்ச வேண்டும், சோப்பும் வேண்டும். கப் நூடுல்ஸில் இந்தச் சிக்கல் இல்லையென்றாலும், ஆளுக்கொரு காலிக் கோப்பையைத் திரும்ப ஊருக்குச் சுமந்துவர வேண்டும் என்பதால் குப்பை அளவில் அது கடைசி இடத்துக்குப் போகிறது. நூடுல்ஸ் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்கள் மலைப்பாதையோரக் கடையில் நின்று சாப்பிட்டுவிட்டு வருவது எல்லோருக்கும் நல்லது.

முட்டையில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் இடையில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். ஆம்லெட்டும் ரொட்டியும் சுவையில் குறையில்லை. ஆனால் மெல்லிய அலுமினியச் சட்டியில், காற்றில் ஆடும் சிறு தீயில், ஒட்டாமல் ஆம்லெட் எடுப்பது கைதேர்ந்தவர்களுக்கும் கடினம். (ஒட்டிவிட்டால் வெந்நீர் ஊற்றக் கூடாது, முட்டைப் புரதம் மேலும் இறுகும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்த பிறகே தேய்க்க வேண்டும்.) அவித்த முட்டையில் பாத்திரத்துக்குள் எதுவும் ஒட்டுவதே இல்லை. முதல் நாள் இரவே வீட்டில் அவித்து, ஓட்டோடு எடுத்துப் போனால் அடுப்புகூட வேண்டாம். மலையில்தான் அவிக்கிறோம் என்றால், வெந்த பின் மிஞ்சும் வெந்நீரைக் கை கழுவ வைத்துக்கொள்ளலாம், ஓட்டின் அழுக்கு கலந்திருக்கும் என்பதால் டீ போட மட்டும் எடுக்கக் கூடாது. அவித்த முட்டை தனியாகக் காலை உணவு ஆகாது. கீழே வரும் உப்புமா, அவல் இரண்டில் எதனுடனும் சேரும்.

சத்துமாவுக் கஞ்சியும் ஓட்ஸும் குளிருக்கு இதமானவைதான். ஆனால் கஞ்சி கொதிக்கக் கொதிக்கக் கிண்ட வேண்டியது. கிண்டுவதை ஒரு நிமிடம் விட்டால் அடிபிடிக்கும். ஓட்ஸ் தயாரிப்பின்போதே ஆவியில் வேகவைக்கப்படுவதால் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினாலே போதும், ஆயினும் சாப்பிட்ட கையோடு கழுவாவிட்டால் அதன் வழவழப்பான நார்ப்பொருள் காய்ந்து பசையாகிவிடும்.

எஞ்சியிருப்பவை உப்புமாவும் அவலும். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்.

வழக்கமான முறையில், கொதிக்கும் நீரில் ரவையைக் கொட்டிக் கிளறும் உப்புமா, கூடாரத்துக்கு ஏற்றதல்ல. அடியில் பிடிக்கும் பொருக்கைச் சுரண்டுவதற்கே அரை மணி நேரம் போய்விடும். ஆனால் வேலையை இரண்டாகப் பிரித்தால் கதை மாறுகிறது. வீட்டில் நெய்யும் எண்ணெயும் கலந்து விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், இஞ்சிப்பொடி, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, கறிவேப்பிலை ஈரம் போய் மொறுமொறுப்பாகும் வரை விட்டு, அதிலேயே ரவையைக் கொட்டி மணம் வர வறுத்து, உப்புச் சேர்த்து, முழுக்க ஆறவைத்து டப்பாவில் அடைத்துக்கொள்ள வேண்டும். வெங்காயமும் பச்சை மிளகாயும் கூடாது, ஈரம் கெடுத்துவிடும். மலையில் செய்ய வேண்டியது, மூடியுள்ள ஆழமான கிண்ணத்தில் ஆளுக்கு 75 கிராம் அளவு இந்தக் கலவையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 மில்லி, ஊற்றி, ஒரே சுற்றாகக் கிளறி, பத்து நிமிடம் மூடி வைப்பது மட்டுமே. ஒவ்வொரு ரவைக்கும் மேல் நெய் பூசியிருப்பதால் கட்டி தட்டுவதில்லை.

உயரமான இடத்தில் தண்ணீர் முழுச் சூட்டை எட்டாதே, ரவை வேகுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை 1 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோதுமை மாவுப்பொருள் 70 டிகிரிக்குள்ளேயே வெந்து பசைப்படத் தொடங்கிவிடும் என்பதால் கொதிநிலை ஒரு தடையல்ல. கிண்ணம் ஆறிவிடுவதுதான் தடை. மெல்லிய எவர்சில்வர் கிண்ணத்தைக் குளிர்ந்த தரையில் வைத்தால் மேல் ரவை வெந்து கீழ் ரவை நறநறக்கும். கிண்ணத்தை மடித்த துண்டின் மேல் வைத்து, இன்னொரு துண்டால் போர்த்திவிடுவது இதற்குப் போதுமான தீர்வு. நான்கைந்து பேருக்கு ஒரே ஹாட்பேக்கில் செய்தால் சூடு நன்றாக நிற்கும். ஆனால் அதன் மூடியின் மரைக்குள் நுழைந்து காயும் ரவையை எடுக்கக் குச்சிதான் வேண்டும் என்பதால், தனித்தனிக் கிண்ணத்தையே நான் பரிந்துரைப்பேன். சம்பா ரவை இம்முறையில் வேகாது.

அவல் இதைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது. காரணம் அதன் தயாரிப்பிலேயே இருக்கிறது: நெல்லை ஊறவைத்து, சூட்டில் வறுத்து, தட்டையாக இடித்த பிறகே அது அவலாகக் கடைக்கு வருகிறது. அதாவது வேக வேண்டியது ஏற்கெனவே வெந்துவிட்டது, இனி நனைந்தால் போதும். வெந்நீர் இருந்தால் கெட்டி அவல் ஐந்து நிமிடத்தில் மெத்தென்றாகும்; பச்சைத் தண்ணீரிலும் கால் மணி நேரத்தில் உண்ணும் பதத்துக்கு வந்துவிடும். மெல்லிய அவல் கூழாகிவிடுமாதலால் தவிர்க்க வேண்டும். சிவப்பு அவலுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் தேவை. இங்கேயும் தாளிப்பு வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்: வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, மிளகாய், பெருங்காயம், மஞ்சள்தூள், உப்பு ஆகியவற்றோடு அவலையும் வெறுஞ்சூட்டில் புரட்டி எடுத்துக்கொண்டு, மலையில் 75 கிராமுக்குச் சுமார் 100 மில்லி தண்ணீர் ஊற்றி, ஊறிய பின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சுவை நிறைவாக இருக்கும். எண்ணெய் மிகக் குறைவு, அவல் தண்ணீரை முழுவதும் இழுத்துக்கொள்ளும், எனவே கிண்ணத்தில் மிஞ்சுவது நாலைந்து பருக்கைகளே. அதில் இரண்டு வாய் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் குடித்துவிட்டால் கழுவும் வேலையே முடிந்தது. கஞ்சி குடித்த கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குடித்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. இளையவர்கள் முகம் சுளித்தால் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

அவலுக்குச் சாதகமான இன்னொரு காரணம் எரிபொருள். மலிவான கேஸ் கேன்களில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது 0 டிகிரிக்கு அரை டிகிரி கீழே வந்தாலே ஆவியாக மறுக்கும். உறைபனி விழும் நீலகிரிக் காலையில் அடுப்பு சோர்ந்து எரிவது இதனால்தான். கேனை இரவில் படுத்துறங்கும் தூக்கப்பைக்குள் வைத்திருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ரயிலில் கேஸ் கேன் கொண்டுபோகத் தடை இருப்பதால், நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்திறங்குபவர்கள் அடுப்பை நம்பித் திட்டமிடவே முடியாது. உப்புமா அங்கே தோற்றுவிடுகிறது, அவல் தோற்பதில்லை. அடுப்பு எரியும் நிலையில், கடுங்குளிரில் உள்ளங்கையில் கிண்ணத்தின் சூடு ஏற, ஆவி பறக்கச் சாப்பிட வேண்டும் என்றால் உப்புமாவின் நிறைவை அவலால் தர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வயிற்றில் நெடுநேரம் நிற்பதும் உப்புமாதான். நாள் முழுவதும் நடக்க இருக்கிற காலைக்கு அதை ஒதுக்கிவைக்கலாம்.

இரண்டு இரவு தங்கும் நால்வருக்கு, நடக்கும் காலைக்கு 300 கிராம் ரவைக் கலவையும், கூடாரத்தைப் பிரித்துக் கிளம்பும் காலைக்கு 300 கிராம் அவலும், எட்டு அவித்த முட்டைகளும், மூன்று எலுமிச்சம்பழங்களும் போதும். முட்டைகளை முதல் காலையிலேயே தீர்த்துவிட வேண்டும். குழந்தைகள் உடன் வந்தால் அவலில் ஒரு பங்கைத் தாளிக்காமல் தனியே வைத்து, வெல்லத்தூளும் ஏலக்காயும் உலர்ந்த தேங்காய்த் துருவலும் கலந்து தரலாம். கிண்ணம் போதாதவர்களுக்கு மந்தாரை இலைத் தட்டுகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டுகளும் கப்புகளும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. சாப்பிட்ட இலையையும் முட்டை ஓட்டையும் எலுமிச்சைத் தோலையும் புதருக்குள் வீசாமல் மூடியுள்ள டப்பாவில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும், அடுத்த இரவு அதே இடத்தில் தங்குபவர்களின் கூடாரத்தைத் தேடிக் காட்டுப்பன்றியோ கரடியோ வருவதற்கு அந்த மிச்சங்களின் வாசனையே போதுமானது.