கருப்பை வாய்ப் பரிசோதனை: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்த சேவை

முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த நான், சென்ற மாதம் என் ஓரகத்தியையும் அழைத்துக்கொண்டு போய்ச் செய்துகொண்டேன். பரிசோதனையில் எனக்கு முழுத் திருப்தி. முடிவைச் சொன்ன விதத்தில் இல்லை.

3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கொளியில் பார்க்கிறார்கள். செல்கள் மாறத் தொடங்கியிருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். செவிலியர், உள்ளே பார்க்க வழியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பிறகே உள்ளே செலுத்தி, "மூச்சை இழுத்து மெதுவா விடுங்கக்கா" என்றார். லேசான எரிச்சலைத் தவிர வலி ஏதுமில்லை.

இந்த எளிய முறை உயிர் காக்கும் என்று நிறுவிய பெரிய ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில்தான் நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 31,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியாயிற்று. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இன்றைய தாராசிவ்) மாவட்டத்தில் நடந்து 2009-இல் முடிவு வெளியான ஆய்வில், இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் சோதனையை ஒரே ஒரு முறை செய்ததிலேயே இறப்பு ஏறத்தாழப் பாதியானது. அந்தச் சோதனையும் எல்லா நிலையங்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

குறை இனிதான். ஓரகத்திக்கு வெண்மை தென்பட்டது. அவள் கையில் கொடுத்த சீட்டில் 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லும், போக வேண்டிய மருத்துவமனையின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தன. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. புற்றுநோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் அழுதாள். வெண்மை தெரிந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பதை அங்கேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரவு அவளுக்கு நேர்ந்திருக்காது. பதிவு மேசையில் இருந்தவரோ வரிசையில் நின்றவர்கள் காதுபட, "இது புருஷன்கிட்டேயிருந்து வர்றதுதானே" என்றார். உடலுறவால் பரவும் வைரஸ்தான், உண்மை. ஆனால் அது பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருக்கக்கூடியது; பெரும்பாலோருக்குத் தானாகவே நீங்கிவிடுவது. அதை வைத்து எவருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது.

மேல் மருத்துவமனையின் மருத்துவர் பொறுமையாகப் பேசினார். திசுப் பரிசோதனையில் ஆரம்பநிலை மாற்றம் மட்டுமே இருந்ததால், சுமார் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அந்தப் பகுதியை அரை நிமிட அளவில் பொசுக்கி அனுப்பினார்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்றிருக்கும் ஓரகத்தி, கர்ப்பத்தைப் பாதிக்குமா என்று கேட்டாள். கருப்பை வாயை ஆழமாக வெட்டி எடுக்கும் சிகிச்சைக்குப் பின் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டுவதாகவும், குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்குத் தேவைக்கு மேல் திசுவை எடுப்பதில்லை என்றும் அவர் படம் வரைந்து விளக்கினார். அந்தத் தாளை அவள் மடித்து வைத்திருக்கிறாள்.

மாதவிலக்கு நாட்களில் இந்தப் பரிசோதனை செய்வதில்லை. நாள் பார்த்துச் செல்லுங்கள். சீட்டு கொடுத்தால், அதில் உள்ளதைத் தமிழில் சொல்லும்படி கேட்டுவிட்டு எழுந்திருங்கள். வெண்மை தெரியாத எனக்கு, ஐந்து ஆண்டு கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.