தவக்கால ஒடுக்கமும் ஏழு கோட்டு அட்டையும்: திண்டுக்கல் சாலைத் தியான இல்லம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

சென்ற தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு நண்பகல் வரை, வாடிப்பட்டியைத் தாண்டித் திண்டுக்கல் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கியிருக்கும் ஒரு தியான இல்லத்தில் ஒடுக்கத்துக்கு, அதாவது ஊர் வேலைகளை விட்டு ஒதுங்கிச் செபத்திலும் தியானத்திலும் இருக்க, சென்றிருந்தேன். அன்றாட வாழ்வில் வரும் சோதனைகளை இனங்காண்பதும் அவற்றை எதிர்த்து நிற்பதுமே பொருள் என்று எங்கள் பங்கின் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை; சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதே காரணம். போக விரும்புகிறவர்கள் தத்தம் பங்கு அலுவலகத்தில் விசாரித்தால் இதுபோன்ற இல்லங்களின் விவரம் கிடைத்துவிடும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மதிப்பீடு என் பிழைப்போடு பின்னிக் கிடக்கிறது. மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் 19 ஆண்டுகளாகக் கொள்முதல் கணக்குப் பார்க்கிறேன். பருப்பு, மிளகாய், மல்லி, புளி ஆகியவற்றை யாரிடம், என்ன விலைக்கு, எத்தனை மூடை எடுப்பது என்பதில் முதலாளிக்கு அடுத்தபடியாக என் சொல்லுக்குத்தான் மதிப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த மாதிரியான சோதனை வரும் என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டு இரவுகளுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். ஆரப்பாளையத்திலிருந்து திண்டுக்கல் பேருந்தில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து ஆட்டோவில் போகவேண்டும். இருவருக்கு ஓர் அறை, கொசுவலை உண்டு, தண்ணீர் உப்பு. மாடியிலிருந்து பார்த்தால் சிறுமலை தெரிகிறது. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது, அதுவே ஒரு குறை. வெள்ளியன்று இறைச்சி இல்லை என்பது சரிதான். ஆனால் அந்த வத்தக்குழம்பையும் சுட்ட அப்பளத்தையும் தின்றுவிட்டு அதை ஒறுத்தல் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் முறை கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

நுழைந்தவுடன் கைபேசியை வாங்கி, எண் எழுதிய ஒரு சிறிய துணிப்பையில் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்து மூடி, அலுவலக அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். என்னுடையது 17. சனிக்கிழமை காலைச் சிற்றுண்டிக்குள் என் வலக்கை சட்டைப் பைக்குத் தானாகப் போய்த் திரும்பியதைப் பதினோரு முறை எண்ணினேன். எண்ணாமல் விட்டவை எத்தனையோ. யாரும் எதுவும் போதிக்கத் தொடங்கும் முன்பே, நான் கேட்காமலே என் கை ஒரு பழக்கத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது என்பது விளங்கிவிட்டது. அந்தத் துணிப்பைக்கே பாதிக் கட்டணத்தைக் கொடுத்துவிடலாம்.

முதல் உரையை நடத்திய அருட்தந்தை, கர்த்தர் கற்பித்த செபத்தின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டார். கத்தோலிக்கர்கள் "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று செபிக்கிறோம்; சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த நம் உறவினர்கள் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று செபிக்கிறார்கள். கடவுளே நம்மைச் சோதனைக்குள் நடத்திச் செல்வதைப் போன்ற பொருள் வந்துவிடக்கூடாது என்பதற்காகப் பிரெஞ்சு வழிபாட்டில் 2017இல் இவ்வரியின் மொழிபெயர்ப்பு மாற்றப்பட்டது. இத்தாலியத் திருப்பலி நூலிலும் 2020இல் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்க் கத்தோலிக்கரின் வாயில் அந்த "விழவிடாதேயும்" முன்பிருந்தே இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்: விழுகிறவன் எந்தப் படியிலிருந்து விழத் தொடங்கினான்? தூண்டுதல், அதில் மனம் இனிப்பது, பிறகு இசைவது என்று திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் பிரித்துக் காட்டிய மூன்று படிகளில், முதற்படி பாவமன்று. இயேசுவும் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்று எபிரேயர் திருமுகம் சொல்வதை அவர் நினைவூட்டியபோது, தூண்டுதல் வந்ததற்கே தலைகுனிந்துகொண்டிருந்த பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து வந்த பயிற்சிதான் இந்த ஒடுக்கத்தின் உயிர். ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, கடைசியாக நாம் விழுந்த ஒரு நாளை மணிவாரியாக எழுதச் சொன்னார்கள். விழுந்த கணத்தை எழுத வேண்டியதில்லை; அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தை எழுதவேண்டும். தாவீது அரசர் பிறன் மனைவியான பத்சேபாவைக் கண்டு விழுந்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், ஆனால் அரசர்கள் போருக்குப் போகும் காலத்தில் அவர் ஏன் எருசலேமில் இருந்தார், மாலை வரை ஏன் படுத்திருந்தார், மாடியில் ஏன் உலாவினார் என்றெல்லாம் விவிலியமே நேரத்தோடும் இடத்தோடும் குறித்து வைத்திருக்கிறது என்று தந்தை சுட்டிக்காட்டினார். நாள்வழியும் பேரேடும் எழுதியே பழகிய கைக்கு இந்தப் பயிற்சி எளிதாக வந்தது. வந்த விடைதான் எளிதாக இல்லை.

நான் எழுதிய நாளில் மாலை நாலரை மணிக்கு, தேநீர் வரும் நேரத்தில், மிளகாய்த் தரகர் ஒருவர் பில் புத்தகத்துக்கு அடியில் ஓர் உறையை நகர்த்தி வைத்து, "அண்ணே, பாப்பாவுக்குப் பீஸ் கட்டுற மாசம்ல, வச்சுக்கங்க" என்றார். நான் எடுத்துக்கொண்டேன். அது இரண்டாவது முறை. இதுவரை அந்த உறையைத்தான் சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மணிவாரியாக எழுதிப் பார்த்தபோது, காலை பத்தரைக்கு முதலாளி கடைப் பையன்கள் முன்னிலையில் என்னைக் கடிந்துகொண்டதும், சாப்பிடப் போகாமல் வீம்புக்கு உட்கார்ந்திருந்ததும், "19 வருஷம் உழைச்சவனுக்கு இதுதான் மரியாதையா" என்று மதியம் முழுக்க மனத்துக்குள் ஒரு வழக்கை நடத்தி எனக்கு நானே சாதகமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டதும் வரிசையாக வந்து நின்றன. நாலரைக்குத் தரகர் வந்தபோது எனக்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. அவர் கொண்டுவந்தது தொகை மட்டுமே. ஒவ்வொருவனும் தன் சொந்த இச்சையாலே இழுக்கப்படுகிறான் என்று விவிலியத்தில் யாக்கோபு எழுதியதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். என் கையெழுத்தில் படித்தது அன்றுதான் முதல் முறை.

சனிக்கிழமை முற்பகலில் பாலைநிலத்தில் இயேசுவுக்கு வந்த சோதனைகளைப் பற்றிய உரை. தவக்காலத்தின் முதல் ஞாயிறுதோறும் கேட்கும் நற்செய்திதான் என்பதால் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. தந்தையோ அலகை, அதாவது சாத்தானே, விவிலியத்தின் திருப்பாடலை மேற்கோள் காட்டிப் பேசியதைப் பிடித்துக்கொண்டார். சோதனை எப்போதும் கெட்ட சொற்களோடு வருவதில்லை. பிள்ளையின் படிப்பு, வீட்டின் தேவை, சபையின் நன்மை என்று நல்ல சொற்களையே கடன் வாங்கிக்கொண்டு வரும். இயேசு கொடுத்த மூன்று விடைகளும் இணைச்சட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. பசித்துக் கிடந்த வேளையில் புதிதாகச் சிந்தித்துச் சொன்னவை அல்ல, முன்பே நெஞ்சில் பதிந்திருந்தவை. ஆகவே நம் விடையையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்தார்கள். நான் எழுதிய வாக்கியத்தை இங்கே சொல்லப்போவதில்லை. ஐந்து சொற்கள்தான்.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், சோதனைகளை இனங்காண வகுத்த விதிகளுள் ஒன்றை அவர் மதுரையைக் கொண்டே விளக்கினார். 1521இல் பம்பலோனாக் கோட்டையில் குண்டடிபட்ட போர்வீரரான இஞ்ஞாசியார், பகைவன் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து மதில் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கேதான் தாக்குவான் என்று எழுதியிருக்கிறார். "உங்களில் எத்தனை பேர் வெளி வீதிகளில் தினமும் நடக்கிறீர்கள்? நீங்கள் நடப்பது இடிக்கப்பட்ட பழைய கோட்டை மதிலின் ஓரமாகத்தான்" என்றார் தந்தை. அதன்பின் வெளி வீதியில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் என் மதில் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்ற நினைவு வராமல் போவதில்லை. இன்னொரு விதி, சோதிப்பவன் கள்ளக் காதலனைப் போன்றவன், விஷயம் வெளியே தெரிவதைத்தான் அவன் அஞ்சுகிறான் என்பது. இதைக் கேட்டபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி குறைகள். சனிக்கிழமை பிற்பகல் அமர்வுக்கு வெளியூரிலிருந்து அழைக்கப்பட்டிருந்த பேச்சாளர், ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கைபேசியையும் சினிமாவையும் சபித்தார். கைபேசிகள் அலமாரியில் பூட்டிக் கிடந்த நேரத்தில் அந்தச் சாபத்துக்கு என்ன பயன் என்று விளங்கவில்லை. காலையில் நம் உள்ளத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களை மாலையில் மறுபடியும் வெளியே ஓர் எதிரியைத் தேட வைத்துவிட்டார். எனக்கு முன் அமர்ந்திருந்த கல்லூரி மாணவர்கள் இருவர் காலையில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் குறிப்பேட்டை மூடியே வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு இந்த அமர்வை நீக்கிவிட்டு எல்லாரையும் தூங்க விட்டாலும் நன்மையே விளையும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. வந்திருந்தவர்கள் 40 பேருக்கு மேல்; தனியாகச் சந்தித்துப் பேசவும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் (பாவ அறிக்கைக்கும்) இருந்தவர்கள் இரண்டே குருக்கள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்திலும் தந்தை அவசரப்படவில்லை என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். வாங்கிய தொகையை யாரிடம் திருப்பித் தருவது என்று கேட்டேன். தரகரிடம் கொடுத்தால் பாதிதான் சரியாகும், கூடுதல் விலை கொடுத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். அதற்குமேல் பேச நேரமில்லை. அடுத்தவர் கதவருகே வந்துவிட்டார். சோதனையை இனங்காட்டுவதில் இவ்வளவு தேர்ந்த ஓர் இல்லம், அதை எதிர்த்து நிற்கும் கட்டத்தில் ஆளைத் தனியே விட்டுவிடுகிறது என்பதே என் மனக்குறை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பைகளைத் திருப்பித் தந்து அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு தொலைபேசி அழைப்போ மறு கூட்டமோ இல்லை.

கையில் கொடுத்தனுப்பியது ஓர் அட்டை மட்டுமே. அதில் ஏழு கோடுகள், நாளுக்கு ஒன்றாக, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொண்டு, நண்பகலிலும் இரவிலும் கணக்குப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளிகளை அன்றைய கோட்டில் வைக்கவேண்டும். இஞ்ஞாசியாரே இப்படி வரைந்து காட்டியிருக்கிறார். நாள் நாளாகச் சரக்கிருப்பை ஒப்பிடும் கடைக்காரனின் முறைதான். ஆன்ம சோதனை, அதாவது தன் மனத்தைத் தானே ஆராய்வது, என்று சிறுவயது முதல் கேட்ட சொல்லுக்கு இப்படி ஒரு கணக்குப் புத்தக வடிவம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நோபிலி காலத்திலிருந்து இயேசு சபையார் இங்கே பழகியிருக்கிறார்கள். எனக்கு இது வந்து சேர நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது.

திரும்பி வந்த மறுவாரம் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஒடுக்கம், அட்டை எதையும் நான் விளக்கவில்லை. இரண்டு முறை வாங்கிய தொகையை மேசையில் வைத்தேன். அவர் அதை எண்ணவில்லை. வெகுநேரம் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போய் வேலையப் பாருங்க" என்றார். நாற்காலி போய்விடும் என்றே நினைத்தேன், இதுவரை போகவில்லை. தரகர்கள் யாரும் இனி மாலையில் வரவேண்டாம், காலை பதினொரு மணிக்கு முதலாளி இருக்கும்போதே வரட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் வாதாடிக்கொண்டு நிற்காமல் மேலாடையை விட்டுவிட்டு ஓடினாரே, அது போல எனக்கு அந்த நாலரை மணியை விட்டுவிட்டு ஓடத்தான் தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்: தவக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள், நல்ல பேனா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், அங்கே தருவது எழுதாது, ஒப்புரவுக்கான வரிசையில் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை விட்டாவது முதலில் நில்லுங்கள். சொந்த ஊர்ப் பங்கிலோ அன்பியத்திலோ (பங்கின் சிறு குடும்பக் குழுவிலோ) பிறகு பேசுவதற்கு ஓர் ஆளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் இல்லம் அதைச் செய்யாது. அட்டைகள் தீர்ந்துவிட்டால் பழைய பில்லின் பின்புறத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். உறை இப்போது வருவதில்லை என்பதால் வேறொரு குற்றத்தைத் தேர்ந்திருக்கிறேன்: பக்கத்து மேசைக்காரரைப் பற்றி முதலாளியிடம் குறை சொல்வது. இந்த வாரம் புதன்கிழமைக் கோட்டில் மூன்று புள்ளிகள், வியாழனில் இரண்டு, இன்றைக்கு இன்னும் நண்பகல் ஆகவில்லை.