மோன்ஸா, ஷார்ல்ருவாவா? எனோ மாகாணத்தின் இரண்டு தலைகள்

பெல்ஜியத்தின் எனோ மாகாணத்துக்குத் தலைநகர் மோன்ஸ். ஆனால் பெரிய ஊர் ஷார்ல்ருவா. மோன்ஸின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடவில்லை; ஷார்ல்ருவாவில் இரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள். முத்திரை ஒரு ஊரில், ஜனம் இன்னொரு ஊரில். எது உண்மையான தலை என்று இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்டுவிடாதீர்கள்.

முதலில் நிலம். மோன்ஸ் பக்கம் ஓடும் ஏன் ஆறு (மாகாணத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான்) மேற்கே போய் ஷெல்ட் நதியில் சேர்கிறது. ஷார்ல்ருவாவின் சாம்பர் ஆறோ கிழக்கே போய் நமூரில் மியூஸ் நதியில் கலக்கிறது. பேச்சும் அப்படியே பிரிகிறது: இப்போது எல்லாரும் பிரெஞ்சுதான் பேசுகிறார்கள் என்றாலும், மோன்ஸின் பழைய வட்டார மொழி பிக்கார், ஷார்ல்ருவாவுடையது வலோன். இரண்டையும் கட்டிப்போட்டது நிலத்தடி நிலக்கரிதான். மோன்ஸுக்கு மேற்கே உள்ள பொரினாஜிலிருந்து ஷார்ல்ருவா வரை சுரங்கக் கழிவு மலைகள் வரிசையாக நிற்கின்றன. கறுப்பாக இருந்தவற்றின் மேல் இன்று மரம் வளர்ந்துவிட்டது.

நிர்வாகத்தில் போட்டியே இல்லை, மோன்ஸ்தான். ஆளுநர், 56 உறுப்பினர் கொண்ட மாகாண சபை, மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாம் அங்கே. ஷார்ல்ருவாக்காரருக்கு மேல்முறையீடு என்றால் மோன்ஸுக்குத்தான் போக வேண்டும். ஆனால் பெல்ஜியத்தில் மாகாணம் என்பது அவ்வளவு பெரிய அதிகாரம் இல்லை. தொழில், சாலை, முதலீடு போன்றவை நமூரில் இருக்கும் வலோனியா (பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் தெற்குப் பகுதி) அரசின் கையில். ஷார்ல்ருவாவின் பலம் வேறு மாதிரி: 1977இல் சுற்றியிருந்த நகராட்சிகளை ஒன்றாக இணைத்தபோது அது ஒரே வீச்சில் 15 ஊர்களின் தொகுப்பாகிவிட்டது.

பிழைப்பு என்று வரும்போதுதான் இரண்டும் எதிரெதிர். மோன்ஸ், வெளியே இருப்பவர்கள் தேடி வந்து தேர்ந்தெடுத்த ஊர். பிரான்ஸ் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்து விலகிய பிறகு, 1967இல் அங்கிருந்த நேட்டோவின் ஐரோப்பிய ராணுவத் தலைமையகம் மோன்ஸ் பக்கத்து காஸ்டோவுக்கு வந்தது. பிறகு பக்கத்து சேன்-கிஸ்லேனில் கூகுளின் தரவு மையம். 2015இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர் பட்டம். இத்தாலியச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து பிரதமர் ஆன எலியோ தி ருபோ பல ஆண்டுகள் இங்கே மேயராக இருந்ததும் சும்மா இல்லை. ஸ்பானியக் கட்டடக் கலைஞர் கலட்ராவா வடிவமைத்த ரயில் நிலையம் பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2025இல்தான் திறந்தது. செலவு முதல் மதிப்பீட்டைப் போலப் பல மடங்கு. அந்தப் பணத்தில் ஷார்ல்ருவாவில் எத்தனை தெருவைச் சரிசெய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

ஷார்ல்ருவா அடி வாங்கிய ஊர். கண்ணாடி, எஃகு, நிலக்கரி எல்லாம் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஷார்ல்ருவாவின் கோஸ்லி பகுதியில் இருந்த கேட்டர்பில்லர் கனரக இயந்திர ஆலையை மூடப்போவதாக 2016இல் அறிவிப்பு வந்தது; சுமார் 2,200 பேருக்கு வேலை போனது. அதே கோஸ்லியில்தான் விமான நிலையமும். 'பிரஸ்ஸல்ஸ் தெற்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பிரஸ்ஸல்ஸோ நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது! 2001இல் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ரையன்ஏர் அங்கே தளம் அமைத்த பிறகு அது வளர்ந்து, 2024இல் ஒரு கோடிப் பயணிகளைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் ஊருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

சுற்றிப் பார்க்க? மோன்ஸில் உருளைக்கல் பதித்த பெரிய சதுக்கம், நகர மன்ற வாசலில் ஒரு சின்ன இரும்புக் குரங்கு. இடது கையால் அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. தடவித் தடவித் தலை வழவழவென்று பளபளக்கிறது. அழகான ஊர், அரை நாளில் முடிந்துவிடும்.

ஷார்ல்ருவாவில் மார்சினெல் போங்கள், புவா து காசியே சுரங்கத்துக்கு. 1956 ஆகஸ்ட் 8 காலை, கூண்டில் சரியாக ஏறாமல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தள்ளுவண்டி, மேலே போகும்போது இடித்து எண்ணெய்க் குழாயையும் மின்கம்பியையும் அறுத்தது. தீயும் புகையும் சேர்ந்து 262 பேரைக் கொன்றன. அதில் 136 பேர் இத்தாலியர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன், 1946இல், இத்தாலி ஆள் அனுப்பினால் பெல்ஜியம் நிலக்கரி தரும் என்று இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்தால் வந்தவர்கள் அவர்கள். நாட்கணக்கில் பெண்கள் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரும்புக் கதவை வாசலில் பார்க்கலாம். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் இது. மோன்ஸ் பக்கத்தில் கிரான்-ஓர்னு என்ற பழைய சுரங்க வளாகமும் அதே பட்டியலில் இருக்கிறது, ஆனால் அங்கே கட்டடக்கலையைப் பார்ப்போம், இங்கே பேச்சு நின்றுவிடும்.

பிள்ளைகளைப் படிக்க வைக்கக் குடியேறுவதென்றால் மோன்ஸ்: பல்கலைக்கழகத்தின் தலைமையகம் அங்கேதான். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், நான் ஷார்ல்ருவாவுக்கே டிக்கெட் எடுப்பேன். அப்புறம் ஒன்று: டச்சு மொழி பேசும் பிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து ரயில் ஏறினால் பலகையில் மோன்ஸைத் தேடாதீர்கள், அங்கே அதன் பெயர் பெர்கன். ஷார்ல்ருவா அங்கேயும் ஷார்ல்ருவாதான்.