மெமரி கார்டா, மாதச் சந்தாவா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால், டீ குடித்துத் திரும்புவதற்குள் நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள். அது தப்பு என்று அப்போது யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

இப்படிப் பாட்டின் உரிமையாளருக்குப் பணம் போகாமல் நடக்கும் இலவசப் பகிர்வின் பெரிய பலம், கோப்பு நம் கையிலேயே இருப்பது. நெட் இல்லாவிட்டாலும் பாடும். கடைகளில் கிடைக்காத பழைய நாதஸ்வரக் கச்சேரிகள் பலவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது கேசட்டிலிருந்து மாற்றிப் பகிர்ந்த ரசிகர்கள்தான். மாதப் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கும் சந்தா செயலியில் அவற்றைத் தேடினால் பாதி கிடைக்காது. பணம் கட்டுவதை நிறுத்தினால் இறக்கி வைத்ததும் போய்விடும்.

ஆனால் சட்டம் இலவசத்தின் பக்கம் இல்லை. இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் 1999-ல் வந்தது, 2001-ல் நீதிமன்ற உத்தரவால் நின்றது. இங்கே 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஒலிப்பதிவுக்கான உரிமை 60 ஆண்டு.

எனக்குச் சந்தாவின் பக்கம் சாயத் தோன்றுவது அதே சட்டத்தின் 2012 திருத்தத்தால்தான். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்கான உரிமைத் தொகையில், தங்கள் பங்கை இழக்கும்படி எழுதி வாங்க முடியாது என்றது அது. மெமரி கார்டுக் கடைக்காரர் வாங்கிய காசில் அவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. சந்தாவில் போகிறது, சொற்பம்தான்.

புதுப்பாட்டுக்குச் சந்தா கட்டுகிறேன். அந்த நாதஸ்வரக் கோப்புகளை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.