திருவிழா ஆம்ப்ளிஃபயருக்குச் சாமான்: ஜாலான் பாசாரா, பினாங்கா, இணையமா, பழைய இரும்புக் கடையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களில் ஆம்ப்ளிஃபயர் கைவிடுவது பெரும்பாலும் திருவிழாவுக்கு முந்தின வாரம்தான். வருடம் முழுக்க ஈரக் கிடங்கில் கிடந்த பெட்டியை அன்றைக்குத்தான் முழுச் சத்தத்தில் ஓட்டுகிறார்கள். உள்ளே பழுதாவது வழக்கமாக நான்கில் ஒன்று: அவுட்புட் டிரான்சிஸ்டர் (ஸ்பீக்கரை ஓட்டுவது), பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்குவது), டிரான்ஸ்பார்மர், ஹார்ன் டிரைவரின் டயஃப்ரம் (அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகடு). நான்கையும் ஒரே கடையில் வாங்கி முடித்துவிடலாம் என்று கிளம்பினால் குறைந்தது இரண்டு தப்பாகத்தான் வந்து சேரும். கையில் எடுத்து, அங்கேயே சோதித்துப் பார்க்க முடிகிற பொருளை, பல வருடம் விற்காமல் தேங்கிய சரக்கில் தைரியமாக வாங்கலாம். சோதிக்க முடியாததை, விலை எவ்வளவு குறைந்தாலும், அங்கே தொடக்கூடாது.

கோலாலம்பூரில் போக வேண்டிய இடம் புடுவில் உள்ள ஜாலான் பாசார். லோ யாட் பிளாசாவுக்குப் போய் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே கிடைப்பது கணினியும் கைப்பேசியும். டயோடு கேட்டால் கிடைக்காது. இ.டி.எஸ். விரைவு மின்ரயிலில் சுங்கை சிப்புட்டிலிருந்து மூன்று மணி நேரம் அளவில் ஆகும். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எல்.ஆர்.டி. நகர ரயிலில் மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, புடு நிலையத்தில் இறங்கினால் மீதியை நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை கதவு இறக்கிய கடைகளே அதிகம். சனிக்கிழமை காலை போவது நல்லது.

ஜாலான் பாசாரின் பலம் அகலம். சுவிட்ச், ஃபியூஸ் ஹோல்டர், ஸ்பீக்கர் டெர்மினல், ஹீட் சிங்க், மைக்கா தகடு, டயஃப்ரம் எல்லாம் அடுத்தடுத்த கடைகளில் இருக்கும். டயஃப்ரம் வாங்கப் போகிறவர் பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 16 ஓம் என்று வாயால் சொன்னால் போதாது. வாய்ஸ் காயில் (டயஃப்ரத்தோடு ஒட்டிய கம்பிச் சுருள்) விட்டம் 44 மில்லிமீட்டரா 51 மில்லிமீட்டரா என்பதும், திருகுத் துளைகளின் இடைவெளியும் பொருந்த வேண்டும். பழையதை மேலே வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இணையத்தில் வரும் படத்தை நம்பி வாங்கிய டயஃப்ரம் காந்தத்தின் இடுக்கில் உரசிக் கரகரக்கும்.

முன்தட்டில் இருப்பது புதுச் சரக்கு. தேங்கிய சரக்கு மாடிப்படிக்குக் கீழேயோ கடைக்கோடியிலோ அட்டைப்பெட்டியில் கிடக்கும். "தவுக்கே, பாராங் லாமா அடா?" (முதலாளி, பழைய சரக்கு இருக்கா?) என்று மலாயில் கேட்டால்தான் அது வெளியே வரும். பேரம் பேச வேண்டியதும் அந்தப் பெட்டிக்குத்தான். முன்தட்டுச் சாமானில் அதிகம் குறையாது.

கெப்பாசிட்டரில் நிதானம் வேண்டும். 10,000 மைக்ரோஃபேரட், 63 வோல்ட் என்று பளபளப்பாக இருக்கும். பத்து வருடம் மின்சாரமே பார்க்காமல் கிடந்திருந்தால் உள்ளே அலுமினிய ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். நேரே முழு வோல்டேஜ் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் ஏறி, சூடாகி, தலை வீங்கும். வாங்கி வந்ததும் 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து, 10 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். உச்ச அளவில் அரை மணி நேரம் வைத்த பிறகும் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் நின்றால், 3 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிகிறது என்று அர்த்தம், ஒதுக்கிவிட வேண்டும். இந்தப் பாடு படப் பொறுமை இல்லாதவர் புதுசே வாங்கட்டும்.

டிரான்சிஸ்டரைத் தேங்கிய சரக்கில் வாங்காதீர்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியைப் போலப் போலி புழங்கும் சாமான் குறைவு. தோஷிபாவின் அளவுப்படி 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்க வேண்டியது. போலியில் மேலே அதே எழுத்து, உள்ளே சின்னச் சிலிக்கன் சில்லு. மல்டிமீட்டரில் டயோடு சோதனை சரியாகக் காட்டும், ஹெச்.எஃப்.இ.யும் (மின்னோட்டப் பெருக்கம்) சரியாகக் காட்டும், மெல்லிய சத்தத்தில் பாட்டும் பாடும். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போதுதான் வெடிக்கும், போகும்போது ஸ்பீக்கரையும் இழுத்துக்கொண்டு போகும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மீட்டரைக் கெப்பாசிட்டன்ஸ் அளவில் வைத்து டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவே அளந்து, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட வேண்டும். சில்லு சிறிதானால் அளவும் வெகுவாகக் குறையும். வெடித்துப்போன போலியைக் குறட்டால் உடைத்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்: அகலமான செப்புத் தகட்டின் நடுவே பச்சரிசி அளவில் ஒரு சில்லு ஒட்டியிருக்கும்.

ஆகவே இந்த ஒரு சாமானுக்கு மட்டும் இணையம் முந்துகிறது. ஆனால் இணையச் சந்தைகளான ஷோப்பியிலோ லசாடாவிலோ உள்ள மலிவுக் கடை அல்ல. எலிமென்ட்14, ஆர்எஸ் மாதிரி உற்பத்தியாளரிடமிருந்து நேரே சரக்கு எடுப்பவர்கள். தோஷிபாவின் இப்போதைய வரிசை டிடிசி5200, டிடிஏ1943. பழையதற்கு மாற்றாகப் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து நேரே வரும் மலிவுச் சரக்குக்கு 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கனமான சாமானுக்கு அனுப்புக் கட்டணமே விலையைத் தின்றுவிடும்.

பினாங்கு சுங்கை சிப்புட்டுக்குப் பக்கம். பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பிறகு ஃபெரி. இன்டெல் 1972இல் பாயான் லெப்பாஸில் ஆலை திறந்ததிலிருந்து தீவு முழுக்கச் சில்லு ஆலைகள்தான். அதனால் தெருவெல்லாம் மிச்சச் சாமான் குவிந்திருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வருகிறது. ஆலைகள் அதை உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் காலை வேளையில் கிடைப்பது வீடுகளிலிருந்து வந்த பொருள்கள்: பழைய ரேடியோ, அடாப்டர், கைக்கருவி, எப்போதாவது ஒரு நல்ல மீட்டர். பட்டியல் போட்டு வாங்கும் இடமல்ல அது. கருவி தேடுகிறவருக்குப் போய்வர மதிப்புண்டு. நாளைக்கே பெட்டி பாட வேண்டும் என்கிறவருக்கு இல்லை.

டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் நகரத்தை மறந்துவிட்டு ஊர்ப் பழைய இரும்புக் கடைக்குப் போகலாம். அங்கே எடைக்குத்தான் விலை. பழைய யூ.பி.எஸ்., ஆம்ப்ளிஃபயர், வெல்டிங் பெட்டி எல்லாம் செம்புக்காக வந்து குவியும். 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) வட்ட டிரான்ஸ்பார்மர் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். தூக்கிப் பார்த்தாலே திறன் ஓரளவு புரியும். பார்க்க வேண்டியது பிரைமரி, அதாவது மின்சாரம் உள்ளே வரும் சுருள். ஜப்பானிய இயந்திரத்திலிருந்து கழற்றியது 100 வோல்ட்டாக இருக்கலாம்; நம் 230இல் மாட்டினால் புகைந்துவிடும். 115 வோல்ட் சுருள் இரண்டு இருந்தால் தொடரில் இணைக்கலாம், ஆனால் ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டால் ஷார்ட் ஆனது போலத்தான்.

அதனால் 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் வைத்துத்தான் முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை பல்பு கிடைக்காவிட்டால் ஹாலோஜன் சரி. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் சுருள் போய்விட்டது, அல்லது இணைப்பு தப்பு. தேறியதை, சுமை இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மின்சாரத்தை நிறுத்தித் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது. செகண்டரியை (மின்சாரம் வெளியே தரும் சுருள்) அளந்து பிறகு கெப்பாசிட்டரைத் தீர்மானியுங்கள்: 35-0-35 (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 35 வோல்ட்) என்றால் டி.சி. 49 வோல்ட் பக்கம் வரும், 63 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்கும். 45-0-45 என்றால் 63ஐத் தொட்டுவிடும். 80 வோல்ட் வேண்டும்.

அதே கடையில் இரண்டைத் தொடவேண்டாம். ஒன்று மைக்ரோவேவ் அடுப்பு: அதன் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம், ஆளையே கொன்றுவிடும். இன்னொன்று யூ.பி.எஸ். பேட்டரி. மீட்டரில் 12.6 காட்டும், 21 வாட் கார் பல்பை மாட்டிப் பத்து நிமிடம் விட்டால் 12க்குக் கீழே சரியும். மிஞ்சிய வயரைத் தோட்டத்துக் குப்பைக்குழியில் எரித்துச் செம்பு எடுப்பதும் வேண்டாம். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான்.

இனி நாள் பார்க்க வேண்டும். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் சில ஆண்டுகளில் நெருக்கமாக வரும். அப்போது ஜாலான் பாசார் கடைகள் பல நாள் திறக்காது, கூரியரும் தாமதமாகும். தைப்பூசத்துக்குப் பாட வேண்டிய பெட்டியைத் தீபாவளி முடிந்த கையோடு திறந்து, பல்பைத் தொடரில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டிரான்சிஸ்டருக்கு அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டு, பழைய டயஃப்ரத்தைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறலாம்.