இரண்டு மில்லி பால்: எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கி

என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1,340 கிராம். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போய் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். நான் ஐ.சி.யு.வில், அவள் இரண்டு மாடி மேலே பச்சிளங்குழந்தைகள் பிரிவில். எனக்குப் பால் ஊறவே நாலு நாள் ஆனது. அதுவரை அவள் வயிற்றுக்குப் போனது நான் முகம் பார்க்காத அம்மாக்களின் பால். அதே மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கிதான் கொடுத்தது. பிறகு நானும் அங்கே ஆறு வாரம் பால் கொடுத்தேன். வாங்கியும் கொடுத்தும் பார்த்ததால் எழுதுகிறேன்.

முதல் வேளைக்கு 2 மில்லி. மூன்றாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனபோது பார்த்தேன். குழந்தையின் வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப். சிஸ்டர் சிரிஞ்சின் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, வெறும் குழலை டியூபில் மாட்டி உயரத் தூக்கிப் பிடித்தார். அதில் பாலை ஊற்றினார். தள்ளவே இல்லை, பால் தன் பாட்டுக்கு மெல்ல இறங்கியது. அது முழுவதும் இறங்கும்வரை கை அசையாமல் நின்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் இப்படித்தான்.

என் கணவர் முதல் நாளே பால்பவுடர் டின் வாங்கி வந்திருந்தார். வேண்டாம் என்று தடுத்த டாக்டர் காரணத்தையும் சொன்னார். குறைமாதக் குழந்தைகளுக்கு என்.இ.சி. என்றொரு குடல் நோய் வரும்; முற்றினால் குடலின் ஒரு பகுதியே செத்துப்போகும். பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. தாய்ப்பாலில் சில சர்க்கரைப் பொருட்கள் இருக்கின்றன, ஒலிகோசாக்கரைடு என்று பெயர். குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. குடலில் வளர வேண்டிய நல்ல பாக்டீரியாக்களுக்கு அவைதான் தீனி. குழந்தை செரிக்கவே முடியாத ஒன்றைத் தாயின் உடம்பு மெனக்கெட்டுச் செய்து அனுப்புகிறது என்பதை நினைத்து நினைத்து அந்த நாட்களை ஓட்டினேன்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வங்கிப் பாலை உசத்தி என்று யாரும் சொல்லவில்லை. ‘இது உங்க பால் வர்ற வரைக்கும்தான்’ என்றுதான் முதல் நாளிலிருந்தே சொன்னார்கள். தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள். கிருமி சாகும், ஆனால் பாலில் இருக்கும் வெள்ளை அணுக்களும் சேர்ந்து சாகும். கொழுப்பைச் செரிக்க உதவும் லிபேஸும் போய்விடும். நோய் எதிர்ப்புப் பொருட்களில் ஒரு பங்கு குறையும். அந்த ஒலிகோசாக்கரைடுகள் மட்டும் சேதமில்லாமல் தப்பிக்கும். அதோடு, தானம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நிறைமாதத்தில் பெற்றவர்கள். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருக்கும். என் மகளுக்கு வேண்டிய பால் என்னிடம்தான் இருந்தது.

அதனால் பால் வராத நாட்களிலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பீச்சச் சொன்னார்கள். நாலாம் நாள் விடியற்காலையில் அரை மில்லி வந்தது, மஞ்சளாக, தேன் மாதிரி. அத்தை ‘சீம்பால் ஆகாது, கொட்டிடும்மா’ என்றார். சிஸ்டர் கோபப்படாமல், ‘அம்மா, இதுதான் பாப்பாவுக்கு முதல் தடுப்பு மருந்து’ என்று சொல்லி, ஒரு சொட்டுகூட வீணாக்காமல் சிரிஞ்சில் எடுத்துப்போய் அவள் கன்னத்தின் உள்பக்கம் தடவினார். மறுநாள் நான் பீச்சும்போது சின்னக் கிண்ணத்தை ஏந்தி நின்றது அத்தைதான்.

பத்து நாளில் அவள் குடித்தது போக மிஞ்சியது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனை செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் என் பாலையே முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். பீச்சத் தொடங்கும்போது நீலம் பாய்ந்த மாதிரி தண்ணியாக வரும். கடைசியில் வருவது கெட்டி வெள்ளை, கொழுப்பு அதில்தான் அதிகம். பிரிட்ஜில் வைத்தால் மேலே ஏடு மாதிரி ஒதுங்கும். கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டேன். பாட்டிலை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும் என்று காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. இப்படி ஒரு வங்கி இருப்பதை நாங்களாகத் தெரிந்துகொள்ள வழியில்லை, பிரசவ வார்டில் ஒரு போர்டுகூடக் கிடையாது. பீச்சும் அறையில் நாலு பேர்தான் உட்கார முடியும், நாற்காலிகளுக்குச் சாய்மானம் இல்லை. வயிற்றில் தையலோடு அரை மணி நேரம் அப்படி உட்காருவது பெரிய வேதனை. இரண்டு பம்புகளில் ஒன்று பாதி நாள் வேலை செய்யாது. நான் கையாலேயே பீச்சப் பழகிக்கொண்டேன், அதுவே நன்றாக வந்தது. ஞாயிறு மதியத்துக்கு மேல் பால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

காசு ஒரு பைசா வாங்கவில்லை, கொடுக்கவும் இல்லை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். அந்த வழியில் வந்த ஒரு சின்ன அறை எங்கள் ஊரிலும் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: முன்பக்கம் திறக்கிற நைட்டி, ஒரு தலையணை, தண்ணீர் பாட்டில் எடுத்துப்போங்கள். குறைமாதப் பிரசவம் என்று தெரிந்ததும், டின் வாங்கக் கடைக்கு ஓடும் முன் டியூட்டி டாக்டரிடம் ‘பால் வங்கி இருக்கா?’ என்று கேளுங்கள். என் மகள் 1,900 கிராமில் வீட்டுக்கு வந்தாள். நான் கடைசியாகக் கொடுத்த பாட்டிலில் தேதியும் ஒரு எண்ணும் மட்டும் எழுதி ஒட்டினார்கள்.